நாமா, நாங்களா? ஜூலை 21க்கு ஓர் உரை தேடியபோது

சிங்கப்பூரின் இன நல்லிணக்க நாளான ஜூலை 21க்கு எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழில் ஒரு மணி நேரக் கலந்துரையாடல். முப்பது நாற்காலி, ஒரு மைக், முடிந்ததும் கறிபஃபும் தேநீரும். வசிப்போர் குழுவில் என் தலையில் விழுந்த வேலை இது: ஒரு நாட்டையே உலுக்கிய கொடுமைக்குப் பிறகு, மக்களின் கோபம் முஸ்லிம்கள் மேல் பாயாமல் இருக்க ஓர் அரசியல் தலைவர் பேசிய உரையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் இரண்டு பக்கத்தைத் தமிழாக்கி, அச்சடித்து எல்லார் கையிலும் கொடுக்க வேண்டும். பேச்சு அதிலிருந்து தொடங்கும். "ஒண்ணே ஒண்ணு எடுங்க. ரெண்டு எடுத்தா ஒப்பிட்டுக்கிட்டே நேரம் போயிடும்," என்று குழுத் தலைவர் சொல்லிவிட்டார். ஆக, ஒப்பிடும் வேலை முழுக்க எனக்கு.

வருகிறவர்களைச் சொல்லிவிடுகிறேன், தேர்வு அவர்களைப் பொறுத்ததுதான். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இருவர், தேக்காவில் கடை வைத்திருப்பவர்கள், ஊரிலிருந்து வந்து நிரந்தரவாசம் பெற்ற ஐடிக்காரர்கள், நான்கைந்து தமிழ் முஸ்லிம் குடும்பங்கள், அதே அளவுக்குக் கிறிஸ்துவர்கள், மற்றவர்கள் இந்துக்கள். யாரும் உலக வரலாறு படிக்க வரவில்லை. ஏழரைக்கு வந்து எட்டரைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவர்கள். அந்தத் தேதியும் சும்மா வந்ததல்ல. 1964இல் அதே நாளில், நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இங்கே இனக் கலவரம் வெடித்தது. அந்த ஜூலையில் மட்டும் 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அது பள்ளிக்கூடத்துக்கு வேட்டியும் கெபாயாவும் போட்டுப் போகும் நாள். அதுவும் நல்லதுதான், ஆனால் எங்கள் கூட்டம் அந்த வயதுக்காரர்களுக்கானது இல்லை.

என் மேசையில் நான்கு வழிகள் இருந்தன. நியூசிலாந்தில் 2019இல் பிரதமராக இருந்த ஜசிந்தா ஆர்டர்ன். அமெரிக்காவில் 2015இல் பராக் ஒபாமா. அதே அமெரிக்காவில் 2001இல் ஜார்ஜ் புஷ். நான்காவது, 2002க்குப் பிறகு நம் சிங்கப்பூரில் நடந்தது. அதை ஓர் உரை என்று சொல்ல முடியாது, ஏன் என்று பிறகு வருகிறேன்.

எடை போட எனக்கு ஒரு தராசு வேண்டியிருந்தது. அது தமிழிலேயே இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு 'வீ' போட்டுவிட்டால் போதும், யார் உள்ளே, யார் வெளியே என்பதைக் கேட்பவர் தலையில் கட்டிவிடலாம். தமிழில் அந்தச் சலுகை கிடையாது. வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்: எதிரே உட்கார்ந்திருப்பவரைச் சேர்த்தால் நாம், சேர்க்காவிட்டால் நாங்கள். கல்யாணப் பத்திரிகை எழுதுகிறவனுக்குக்கூடத் தெரிந்த வித்தியாசம். ஒரு தலைவர் முஸ்லிம்களுக்கு ஆதரவாகப் பேசினாரா என்பது மேலோட்டமான கேள்வி. அவர் பேச்சைத் தமிழில் வைத்துப் பார்த்தால், "நாம்" வருகிற இடத்தில் முஸ்லிம் உள்ளே நிற்கிறாரா, "நாங்கள் உங்களைத் தப்பாக நினைக்கவில்லை" என்று வாசலில் நிறுத்தித் தேற்றி அனுப்பப்படுகிறாரா என்பது உடனே தெரிந்துவிடும். நம் தேசியப் பற்றுறுதியைத் தமிழில் சொல்லும்போது "சிங்கப்பூர் மக்களாகிய நாம்" என்கிறோம். அதை 1966இல் ஆங்கிலத்தில் எழுதிய எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர். அந்த "நாம்" அவர் காதில் ஓடியிருக்குமோ என்று எனக்கு ஒரு சின்ன ஆசை. ஆதாரம் ஒன்றும் இல்லை.

சரி, முதலில் ஆர்டர்ன். குழுவில் கேட்டபோது முக்கால்வாசிப் பேர் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். கறுப்பு முக்காடு போட்டு, முகம் கலங்கி அவர் நின்ற அந்தப் படம் எல்லார் கைப்பேசிக்கும் வந்து போயிருந்தது. 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை. கிறைஸ்ட்சர்ச்சில் அல் நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய நிலையத்திலும் ஜும்மா தொழுகைக்குக் கூடியிருந்தவர்களை ஒருவன் சுட்டான். 51 பேர் உயிரிழந்தார்கள். அன்றே ஆர்டர்ன் பேசினார். பாதிக்கப்பட்டவர்களில் பலர் குடியேறிகளாக இருக்கலாம், அகதிகளாகக்கூட இருக்கலாம், நியூசிலாந்தைத் தங்கள் வீடாகத் தேர்ந்தெடுத்தவர்கள், இது அவர்கள் வீடுதான் என்று சொல்லிவிட்டு, மூன்றே ஆங்கிலச் சொல்லில் முடித்தார்: அவர்கள் நாமே. நம்மேல் இந்த வன்முறையை ஏவியவன் நம்மில் ஒருவன் அல்ல என்றும் சேர்த்தார். நான்கு நாள் கழித்து நாடாளுமன்றத்தில் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று தொடங்கி, கொலைகாரன் பெயரைத் தன் வாயால் ஒருபோதும் சொல்லப்போவதில்லை என்றார்.

பேச்சோடு நிற்கவில்லை என்பதும் அவர் பக்கத்துக்குப் பலம். ஏப்ரல் 10ஆம் தேதியே துப்பாக்கிச் சட்டம் 119க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. விசாரணை ஆணையம் அமைத்தார். பாதுகாப்பு அமைப்புகள் தங்கள் கவனத்தை அளவுக்கு மீறி இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மேலேயே குவித்திருந்தன என்று அந்த ஆணையம் 2020 டிசம்பரில் சொன்னபோது, மன்னிப்பும் கேட்டார். இது சாதாரணமில்லை. முக்காடு போட்ட படத்தை எல்லாரும் பகிர்ந்தார்கள், இந்த மன்னிப்பை யாரும் பகிர்ந்ததாக எனக்கு நினைவில்லை.

அப்படியானால் ஏன் தயக்கம்? தமிழாக்கி முடித்த தாளை நான்காம் மாடி அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் குடும்பத்துக்குக் கடையநல்லூர் பூர்வீகம். அவர் பிறந்தது இங்கேதான், படித்தது இங்கேதான், இப்போது பேரன் தேசிய சேவையில் இருக்கிறான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "நல்லா இருக்கு தம்பி," என்றார். பிறகு, "ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? நான் எங்கேருந்தும் வரலையே," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆர்டர்ன் சொன்னது அவர் ஊருக்குப் பொருந்தும். அங்கே அன்று இறந்தவர்களில் பலர் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள்; "இது உங்கள் வீடு" என்று சொல்வது அங்கே தேவைப்பட்டது. இங்கே சவுத் பிரிட்ஜ் சாலையில், தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் 1826இல் நிறுவப்பட்டது. சில அடி தள்ளி நிற்கும் ஸ்ரீ மாரியம்மன் கோவில் 1827. ஒரு வருஷம் மூத்த வீட்டுக்காரரிடம் போய், "நீங்களும் எங்களில் ஒருவர்தான்" என்று சொல்லும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது? "அவர்கள்" என்று தொடங்கி "நாம்" என்று முடிக்கிற வாக்கியம் அழகானது. ஆனால் நடந்து வந்து சேர வேண்டியவர் அவர் என்று அது முதலிலேயே வைத்துக்கொள்கிறது.

இன்னொரு சங்கடம் இதைவிடப் பெரியது. கிறைஸ்ட்சர்ச்சில் முஸ்லிம்கள் பலியானவர்கள். பலியானவர்களிடம் இரக்கப்படுவது எளிது. அதற்குத் தலைவர் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அன்று சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்த எல்லாருமே மனம் நொந்துதான் இருந்தார்கள். வெறுப்பு முளைப்பது வேறு நாளில்: கொன்றவன் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு கொன்ற நாளில். அன்று அக்கா லிஃப்டில் ஏறும்போது என்ன நடக்கிறது என்பதுதான் நம் கூட்டத்தின் கேள்வி.

ஒபாமாவின் உரை அப்படிப்பட்ட நாளுக்கானது. 2015 டிசம்பர் 2இல் சான் பெர்னார்டினோவில் ஒரு தம்பதி சுட்டு 14 பேர் இறந்தார்கள். நான்கு நாள் கழித்து ஒபாமா தொலைக்காட்சியில் பேசினார். முஸ்லிம் அமெரிக்கர்கள் நம் நண்பர்கள், அண்டை வீட்டார், உடன் வேலை செய்பவர்கள், விளையாட்டு நாயகர்கள், சீருடை அணிந்து நாட்டுக்காக உயிர் கொடுப்பவர்கள் என்று அடுக்கினார். அதே உரையில், சில முஸ்லிம் சமூகங்களுக்குள் தீவிரவாதக் கருத்து பரவியிருப்பதை மறுக்க முடியாது, அதை முஸ்லிம்கள் சாக்குச் சொல்லாமல் எதிர்கொள்ள வேண்டும் என்றும், பாகுபாட்டை நிராகரிப்பது எல்லா மதத்து அமெரிக்கர்களின் பொறுப்பு என்றும் சொன்னார். நியாயமான தராசு. அதுதான் அதன் குறையும். தமிழில் பெயர்த்துப் படித்தால் பள்ளிக்கூட அறிக்கை மாதிரி இருக்கிறது: நடத்தை நன்று, ஆனாலும் கவனம் தேவை. ஒருவருக்குப் பரிந்து பேசும்போதே அவர் கையில் வீட்டுப்பாடத்தையும் கொடுத்தால், சபையில் உள்ளவர்கள் எதை எடுத்துக்கொண்டு போவார்கள்? வீட்டுப்பாடத்தைத்தான். மறுநாளே, முஸ்லிம்கள் அமெரிக்காவுக்குள் வருவதை முழுக்க நிறுத்த வேண்டும் என்று டோனல்ட் டிரம்ப் அறிக்கை விட்டார். அது ஒபாமாவின் தவறில்லை. ஆனால் அந்த வாரத்தின் செய்தியாக எது நின்றது என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒபாமாவின் நல்ல உரை 2016 பிப்ரவரி 3இல் பால்டிமோர் பள்ளிவாசலில் பேசியது. நீங்கள் முஸ்லிமா, அமெரிக்கரா என்பதல்ல, முஸ்லிமும் அமெரிக்கரும் என்று இளையர்களைப் பார்த்துச் சொன்னது மனதில் நிற்கும். ஆனால் நீளம், இரண்டு பக்கத்தில் அடங்காது. தவிர, ஏழு வருஷம் அதிபராக இருந்துவிட்டு நாட்டுக்குள் ஒரு பள்ளிவாசலுக்கு அப்போதுதான் முதல் முறையாகப் போனார் என்பதையும் யாராவது எழுந்து கேட்பார்கள். எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார்.

நார்வேயின் ஸ்டோல்டன்பர்க்கையும் ஒரு நாள் எடுத்துப் பார்த்தேன். 2011 ஜூலை 22இல் ஆஸ்லோவிலும் உட்டோயாத் தீவிலும் 77 பேர் கொல்லப்பட்டபோது, முதல் சில மணி நேரம் உலகமே இஸ்லாமியத் தீவிரவாதம் என்று ஊகித்தது. கொன்றவன் முஸ்லிம்களையும் குடியேறிகளையும் வெறுத்த ஒரு நார்வேக்காரன். பிரதமர் அவசரப்பட்டு யாரையும் சுட்டவில்லை. இன்னும் அதிக ஜனநாயகம், இன்னும் அதிகத் திறந்த மனம், இன்னும் அதிக மனிதநேயம், ஆனால் ஏமாளித்தனம் வேண்டாம் என்று பேராலயத்தில் சொன்னார். வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதும் ஒரு தலைமைதான் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் வாயை மூடியதைத் தாளில் எப்படி அச்சடிப்பது? விட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வருவதை உடனே அனுப்பிவிடுகிறவர்களுக்காக மட்டும் இதைக் கூட்டத்தில் வாய்மொழியாகச் சொல்லப்போகிறேன், 2024 சவுத்போர்ட்டோடு சேர்த்து. அங்கே மூன்று சிறுமிகளைக் கொன்றவன் படகில் வந்த முஸ்லிம் அகதி என்று வதந்தி கிளம்பியது. மறுநாளே கும்பல் பள்ளிவாசலைத் தாக்கியது. உண்மையில் அவன் கார்டிஃபில் பிறந்தவன்.

இனி நம் வீடு. 2001 டிசம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 15 பேரைப் பிடித்தார்கள். அவர்களில் 13 பேர் ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்பைச் சேர்ந்தவர்கள். 2002 ஜனவரியில் செய்தி வெளிவந்தபோது ஈசூன் எம்ஆர்டி நிலையத்தை அவர்கள் வீடியோ எடுத்திருந்தது தெரியவந்தது. நான் வளர்ந்தது ஈசூனில். தினமும் அந்த நிலையத்தில்தான் ஏறினேன்.

அந்த வாரம் ஒரு காலையில், என் எதிர் இருக்கையில் ஒரு மலாய்ப் பெரியவர் வந்து உட்கார்ந்தார். தாடி, தொப்பி, காலுக்கடியில் ஒரு கறுப்புப் பை. நான் பையைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். பையை எடுத்து மடியில் வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்து, உள்ளேயிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படிப்பதற்கு அவர் கையில் எதுவுமே இல்லை. ஜிப்பை மூடவும் இல்லை. பிஷான் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தத் திறந்த ஜிப் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்போது பிரதமராக இருந்த கோ சோக் டோங் தேர்ந்தெடுத்த பாதை, மேடையில் ஏறி உருக்கமாகப் பேசுவது அல்ல. 2002இல் தொகுதிக்குத் தொகுதி இன, சமய நன்னம்பிக்கைக் குழுக்கள் அமைந்தன. இப்போது அவற்றுக்கு நல்லிணக்க வட்டங்கள் என்று பெயர். 1964 கலவரத்துக்குப் பின் அமைத்த நல்லெண்ணக் குழுக்களின் பேரப்பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவை மூடிக்கொண்டு சமூகத் தலைவர்கள் மனம்விட்டுப் பேசினார்கள். 2003இல் சமய நல்லிணக்கப் பிரகடனம் வந்தது. அதே ஆண்டில் உஸ்தாதுகள், அதாவது இஸ்லாமியச் சமய ஆசிரியர்கள், தாங்களாக முன்வந்து, தடுப்புக்காவலில் இருந்தவர்களுக்குச் சமய ஆலோசனை சொல்ல சமய மறுவாழ்வுக் குழுவைத் தொடங்கினார்கள். வேலை நடந்தது, சத்தமில்லாமல்.

2021 ஜனவரியில் அந்த ஏற்பாடு எதற்கு உதவும் என்று தெரிந்தது. அஷ்ஷாஃபா, யூசோஃப் இஷாக் என்ற இரண்டு பள்ளிவாசல்களை, கிறைஸ்ட்சர்ச் தாக்குதலின் நினைவு நாளில் தாக்கத் திட்டமிட்ட 16 வயதுப் பையனைத் தடுத்துவைத்திருப்பதாக அறிவித்தார்கள். புரொட்டஸ்டன்ட் கிறிஸ்துவன், இந்திய இனத்தவன். இதைப் படித்ததும் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் வந்த முதல் கேள்வி, "நம்ம ஆளா?" என்பதுதான். கேட்டவர்கள் குரலில் இருந்த பயத்தை, செப்டம்பர் 11க்குப் பிறகு ஒவ்வொரு முஸ்லிம் வீட்டிலும் உணர்ந்திருப்பார்கள். அந்த முறை கிறிஸ்துவத் தலைவர்கள் முஸ்லிம்களுக்கு ஆறுதல் சொன்னார்கள். ஒரு பையனின் செயலைக் கிறிஸ்துவத்தோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று முஸ்லிம் தலைவர்கள் பதில் சொன்னார்கள். ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்தவர்கள் என்பதால் அது நடந்தது.

ஆகவே, செயலளவில் பார்த்தால் நான்கில் சிறந்தது நம்முடையதுதான் என்பது என் கருத்து. ஆனால் எங்கள் கூட்டத்துக்கு அது உதவாது. மூடிய கதவுக்குள் நடந்ததற்குத் தாள் கிடையாது. தவிர, அந்த அறைக்குள் போகிறவர்கள் ஏற்கெனவே பண்பானவர்கள்; அன்று ரயிலில் பையை முறைத்த என்னை யாரும் எந்த அறைக்கும் கூப்பிடவில்லை. குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி என்றால் யோசிக்காமல் இதை எடுப்பேன். பள்ளி மாணவர்கள் என்றால் ஆர்டர்ன். எங்கள் முப்பது நாற்காலிக்கு வேறு வேண்டும்.

மிச்சம் இருப்பவர் புஷ். அவர் பெயரைச் சொன்னதும் குழுவில் ஒருவர் சிரித்தேவிட்டார். ஈராக் மேல் படையெடுத்தவரையா நல்லிணக்க நாளுக்குக் கொண்டுவருகிறீர்கள்? நியாயமான சிரிப்பு. குறைகளை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். 2001 செப்டம்பர் 16இல், பயங்கரவாதத்துக்கு எதிரான போரை அவர் சிலுவைப்போர் என்ற பொருள்படும் சொல்லால் குறிப்பிட்டார். முஸ்லிம் உலகம் அதிர்ந்தது. பள்ளிவாசலுக்குப் போய்ப் பேசியது மறுநாள் 17ஆம் தேதி, இரட்டைக் கோபுரம் விழுந்து ஆறாம் நாள். அது தாமதம். 15ஆம் தேதியே அரிசோனாவின் மேசா நகரில், தலைப்பாகையைப் பார்த்து ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வெறுப்பு அடையாள அட்டை கேட்பதில்லை. எஃப்பிஐ கணக்கில், முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றங்கள் 2000இல் 28, 2001இல் 481. அப்புறம் 2002இல் 25 நாட்டு ஆண்களைக் கூப்பிட்டுக் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் திட்டத்தை அவருடைய அரசாங்கமே கொண்டுவந்தது. வடகொரியாவைத் தவிர மற்றவை ஏறக்குறைய எல்லாமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். பேச்சில் உள்ளே கூப்பிட்டவர்களைக் காகிதத்தில் வரிசையில் நிற்கவைத்தார்.

ஆனாலும் அந்த உரையை எடுத்துப் படியுங்கள். வாஷிங்டன் இஸ்லாமிய நிலையத்தில் பேசிய சில நிமிடப் பேச்சு, எங்கள் இரண்டு பக்கத்தில் கச்சிதமாக அடங்கும். இஸ்லாம் என்றால் அமைதி என்ற வரிதான் பிரபலம். எனக்கு அது பெரிய வரியாகப் படவில்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, "இத அமெரிக்க ஜனாதிபதி சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமாக்கும்," என்று தாளைத் திருப்பினார். ஒரு மதம் என்ன சொல்கிறது என்று தீர்ப்பளிப்பது அரசியல்வாதி வேலை இல்லை. இன்று அமைதி என்று சொல்கிற வாய்க்கு நாளை வேறு மாதிரி சொல்லவும் உரிமை வந்துவிடும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அதற்குப் பின்னால் வருகிற பகுதி. இங்கே மதத்தை விட்டுவிட்டுத் தெருவுக்கு இறங்குகிறார். முக்காடு போட்ட பெண்கள் சிலர் வெளியே வரப் பயப்படுகிறார்கள், வீட்டுக்குச் சாமான் வாங்கக்கூடப் போவதில்லை, அன்றாட வேலைக்கே அஞ்சுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன் என்கிறார். இது அமெரிக்காவில் நடக்கக் கூடாது, நடக்க விடமாட்டோம் என்கிறார். தன் கோபத்தைத் தீர்த்துக்கொள்ள சக குடிமக்களை மிரட்டுகிறவர்கள் மனித இனத்தின் ஆக மோசமானவர்கள், அவர்கள் வெட்கப்பட வேண்டும் என்கிறார்.

இதைத் தமிழாக்கும்போதுதான் புரிந்தது. ஒபாமா முஸ்லிம்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார். ஆர்டர்ன் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை, அணைத்துக்கொண்டார். புஷ் இந்த ஒரு பத்தியில், ஆத்திரத்தில் இருக்கிற பெரும்பான்மையைப் பார்த்து, உன் ஆள்களுக்கு, அதாவது என் ஆள்களுக்கு, வெட்கம் வேண்டும் என்கிறார். "நாங்கள்" என்று தமிழில் எழுதக்கூடிய இடம் அந்த உரையிலேயே இதுதான், அது சரியான இடமும்கூட. முஸ்லிமை வாசலில் நிறுத்தும் நாங்கள் இல்லை. எங்கள் வீட்டு ஆள் உங்களை மிரட்டினால் அது எங்கள் வெட்கம் என்கிற நாங்கள். அதைச் சொன்ன பிறகுதான் "நாம்" என்று வாயெடுக்கவே ஒருவருக்கு யோக்கியதை வருகிறது என்று நினைக்கிறேன். கிறைஸ்ட்சர்ச் மாதிரித் திட்டம் இங்கேயும் நடக்கலாம் என்று 2021 காட்டிவிட்டது, மறுக்கவில்லை. அன்றைக்கும் இந்தப் பத்தி செல்லும்.

குறைகள் இருப்பது கலந்துரையாடலுக்குக் கெடுதல் இல்லை. ஆர்டர்ன் தாளைக் கொடுத்தால் எல்லாரும் தலையாட்டிவிட்டுக் கறிபஃபுக்கு எழுந்துவிடுவார்கள். புஷ் தாளைக் கொடுத்தால் சண்டை வரும்: இப்படிப் பேசியவர் ஏன் அப்படிச் செய்தார்? பேச்சுக்கு மதிப்பு உண்டா? நம் ஊரில் பொதுத்துறைத் தாதியர் தூடோங் என்ற முக்காடு அணிந்து வேலை செய்ய 2021 நவம்பரில்தானே அனுமதி வந்தது? ஐடிக்காரர்கள் ஊர் நிலவரத்தை இழுப்பார்கள். இழுக்கட்டும், ஒரு மணி நேரம் இருக்கிறது.

தாளில் அந்தப் பத்தி கொஞ்சம் நீளமாக இருந்தது. சாமான் வாங்கப் போகாத வரியை எடுத்துவிடலாமா என்று அக்காவிடம் கேட்டேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அத வெட்டாதீங்க தம்பி. அப்ப ரெண்டு வாரம் பால் வாங்கக்கூட நான் கீழ இறங்கல. மாமாவத்தான் அனுப்பினேன்."

யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. லிஃப்டுல ஏறுனா பேச்சு நின்னுரும். அவ்வளவுதான்."

வரியை வெட்டவில்லை. வேறு இரண்டு வரியை எடுத்துப் பக்கத்தை ஒழுங்குபடுத்தினேன். கூட்டத்தில் அந்தப் பத்தியை அவரே வாசித்தால் நன்றாக இருக்குமே என்று எனக்கு ஒரு யோசனை. சொன்னதும் கையை ஆட்டி மறுத்துவிட்டார். "நான் படிச்சா குறை சொல்ற மாதிரி ஆயிடும். நீங்க படிங்க."

அதனால் அந்தப் பத்தி இப்போது என் பெயருக்கு நேரே இருக்கிறது. தினமும் ராத்திரி சத்தம் போட்டு வாசித்துப் பழகுகிறேன். "வெட்கப்பட வேண்டும்" என்ற இடத்தில் நாக்கு இரண்டு முறை தடுக்கியது.